வெளித் தாழ்ப்பாள்

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த காலம் அது. ஒருநாள் விடிந்தும் விடியாத நேரத்தில், கழனித் தண்ணீரைச் சந்தில் கொட்டலாம் என்று பின்கதவைத் திறந்தேன். கதவு போய் ஓர் ஆளின் மேல் இடிக்கப் பார்த்தது. இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு, கதவுக்கு ஒரு முழம் தள்ளி ஒருவர் அசையாமல் நின்றிருந்தார். இடிக்க வந்த கதவுக்குக்கூட அவர் விலகவில்லை. நான்தான் தண்ணீர்ச் சட்டியோடு தடுமாறினேன்.

"யாருங்க நீங்க? எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"கொஞ்ச நேரமாத்தாம்மா."

"கதவு சும்மாதானே சாத்திக் கெடக்கு. தட்டினா என்ன, தள்ளினா என்ன?"

அவர் கதவை மேலும் கீழும் பார்த்தார். அப்படியும் செய்யலாம் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது போலிருந்தது முகம். "பழக்கம் விட்டுப்போச்சும்மா" என்றார். பிறகு, நான் கேட்காமலேயே சொன்னார்: "வேலை ஏதாச்சும் இருக்குமான்னு வந்தேன். நான் புடு ஜெயில்லேருந்து வந்தவன். கிள்ளான்ல துணிக்கடையில வேலை பாத்தப்ப முதலாளி வீட்டு நகையைத் திருடிட்டேன்."

வேலை கேட்டு வருகிறவர்கள் ஊரைச் சொல்வார்கள், உறவைச் சொல்வார்கள், முருகன்மேல் சத்தியம் செய்வார்கள். இப்படி ஆரம்பித்த ஒருவரை நான் பார்த்ததில்லை. பயமாகவும் இருந்தது, அந்த நேர்மையைக் கண்டு வாயடைத்தும் போனது. எனக்கு வாயடைத்துப் போவதென்றால் அது சின்ன விஷயமில்லை. எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

எங்கள் வீட்டுக்காரர் நல்ல மனிதர். ஆனால் தெருவில் நாய் குரைத்தால்கூட வாடிக்கை குறைந்துவிடுமோ என்று கவலைப்படுகிறவர். அடுப்பு மறைவிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் தெரியும்படி கையை ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். அவர் கையை ஆட்டினால் எனக்கு எதிர்ப்பக்கம் புத்தி ஓடும். அன்று காலையில் தண்ணீர் இழுக்க ஆள் வரவில்லை. ரயில்வே ஆட்கள் பட்டறைச் சங்கு ஊதுவதற்குள் பசியாற வந்துவிடுவார்கள். வாளியை எடுத்து வந்தவர் கையில் கொடுத்தேன். தெருக்குழாய் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனார்.

அவர் அலைந்த கதையைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ரயில்பாதைக் கூட்டத்தில் சேரப் போனால், கடைசியாக வேலை பார்த்த இடத்துச் சீட்டு எங்கே என்றார்கள். செந்தூல் பட்டறையிலும் அதே கேள்வி. கிள்ளான் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனால், அங்கே அவர் முகம் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். தோட்டத்துக் கங்காணி ஒருவர், கூலிக்காரர் லயத்தில் பெண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தலையை ஆட்டிவிட்டார். வேலை இல்லாவிட்டால் இடம் இல்லை. இடம் இல்லாதவனுக்கு எவனும் வேலை கொடுப்பதில்லை. தனி ஆட்கள் சேர்ந்து தங்கும் ஒரு வீட்டில் மட்டும் கொஞ்சம் தன்மையாகப் பேசியிருக்கிறார்கள். "ஒரு சட்டை காணாமப் போனாக்கூட எல்லாரும் ஒன்னையத்தான்யா பாப்பாங்க. ஒனக்கும் நிம்மதி இருக்காது, எங்களுக்கும் இருக்காது" என்று சொல்லி, ஒரு வாய்க் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். அந்தக் காப்பியை அவர் நன்றியோடுதான் சொன்னார்.

"யாருய்யா ஒன்னக் கேட்டா? வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா இந்நேரம் ஒரு வேலையில ஒட்டியிருப்பே" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"முன்னாடியே சொல்லிட்டா வாசலோட போயிடலாம் முதலாளி. சொல்லாம உள்ள போயி, அப்புறம் தெரிஞ்சா வீட்டுக்குள்ளேருந்து வெளிய தள்ளுவாங்க. அது தாங்காதுங்க."

எங்கள் வீட்டுக்காரர் அடுப்பில் விறகைத் தள்ளப் போய்விட்டார்.

எதற்குத் திருடினீர்கள் என்று நானும் ஒருநாள் கேட்டுவிட்டேன். பிள்ளைக்கு நோவு, தாய்க்கு மருந்து என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். "ஆசைதாம்மா. பாத்தேன், ஆசை வந்துச்சு, எடுத்தேன்" என்றார். அவ்வளவுதான். நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டேன். சோற்றில் உப்புக் கூடினால் அதற்கே நான் ஆயிரம் காரணம் சொல்கிறவள். தான் செய்த தப்புக்கு முட்டுக் கொடுக்காமல் ஒரு மனிதரால் நிற்க முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. தண்ணீர் இழுப்பார், விறகு பிளப்பார், மாவாட்டுவார். ஆனால் இரண்டு வழக்கங்கள் அவரை விட்டுப் போகவில்லை. ஒன்று, கதவு. சாத்திய கதவு எதுவானாலும் அதன் முன்னால் போய் நின்றுவிடுவார். இரண்டு கையிலும் நிறை வாளி இருக்கும், கை வலிக்கும், ஆனாலும் காலால் ஒரு தள்ளு தள்ள மாட்டார். யாராவது வந்து திறக்கும்வரை நிற்பார். ஜெயிலிலிருந்த இத்தனை வருஷமும் அவருக்குக் கதவு என்றால் அடுத்தவர் திறப்பது, அடுத்தவர் சாத்துவது. நான் பின்கதவுக்கு அடியில் ஒரு செங்கல்லை வைத்து எப்போதும் திறந்தே போட்டுவிட்டேன். பூனைகளுக்குக் கொண்டாட்டமாகப் போயிற்று.

இன்னொன்று, வேலை முடிந்ததும் என் முன்னால் வந்து நின்று துண்டை உதறிக் காட்டுவார். மடியை அவிழ்த்துக் காட்டுவார். இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டுவார். முதல்நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த ரயில்வே ஆள் ஒருவருக்குப் புரிந்து, அவர் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஆளுக்கு ஊற்றப்போன ரசத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டேன். "இங்க யாரும் ஒங்களச் சோதிக்கல அண்ணே. துண்டத் தோள்ல போடுங்க" என்றேன். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு அண்ணன் ஆனார். மறுநாளும் உதறினார். அதன் மறுநாளும் உதறினார். பிறகு நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கப் பழகினேன்.

அவருக்கு மனைவி உண்டு என்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. கடை இல்லாத நாள். எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டதற்கு, பூச்சோங் தோட்டத்துக்கு நடந்தே போய் வந்ததாகச் சொன்னார். அவர் ஜெயிலுக்குப் போனதும் துணிக்கடைக்காரர் கொடுத்திருந்த வீடும் போய்விட்டது. அந்த அம்மாள் தன் கூடப்பிறந்த அண்ணனுடைய லயத்து வீட்டில் போய் ஒண்டிக்கொண்டார். அந்த மச்சினர் தங்கையைப் பார்க்க விடுவார். பக்கத்தில் உட்காரவும் விடுவார். கூட அனுப்ப மாட்டார். "தெரு ஓரத்துல படுக்கறவன்கூட எப்படிய்யா அனுப்புறது? கதவு வச்ச எடம் ஒண்ணக் காட்டு, நானே கொண்டாந்து விடுறேன்" என்று சொல்லியிருக்கிறார். அதில் தப்புச் சொல்ல முடியாது. எங்கள் கடைக்குப் பின்னால் அவர் படுத்திருந்த விறகுக் கொட்டகைக்கு மூன்று பக்கம் தகரம், நாலாவது பக்கம் ஆகாயம்.

எங்கள் கடை மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் யாழ்ப்பாணத்துக் கிராணியார் ஒருவர் இருந்தார். அரசாங்க ஆபீசில் குமாஸ்தா, தனி ஆள், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. இன்னொரு அறையிலிருந்தவர் ஈப்போவுக்கு மாற்றலாகிப் போனார். கட்டடத்துக்குச் சொந்தக்காரரான சீனத் தவுக்கேயிடம், எங்கள் அண்ணனுக்கு அந்த அறையைக் கேட்டு நான் போய்ப் பேசினேன். வாடகை ஒழுங்காக வந்தால் போதும், மாடியில் இருப்பவரோடு சண்டை மட்டும் வரக்கூடாது என்று அவர் மலாயில் சொல்லிவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார்.

ஆக, கிராணியார் சம்மதிக்க வேண்டும். நான் சொன்னதையெல்லாம் அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தங்கச்சி, நான் பொல்லாதவன் இல்லை. ஆனா என்ட சாமான் எல்லாம் பக்கத்து அறையிலதானே கிடக்கு. நடுவில ஒரு பலகைதான். இவர் அங்க படுத்தால் எனக்கு நித்திரை வராது."

"நித்திரை வர நான் என்ன செய்யணும்? தாலாட்டுப் பாடவா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "கதவுக்கு வெளியால ஒரு தாழ்ப்பாள் போட வேணும். இரவில நான் பூட்டிப்போட்டுத்தான் படுப்பன். அதுக்கு அவர் ஓமெண்டால் எனக்கு ஒண்டுமில்லை."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். அதற்குள் வாசலில் நின்றிருந்தவர், "சரிங்க. போட்டுக்கங்க" என்றார். கோபமோ வருத்தமோ இல்லாத குரல். தச்சர் வந்தார். அறைக் கதவின் வெளிப்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் ஏறியது. பாசாரில் வாங்கிய பித்தளைப் பூட்டு ஒன்று அதில் தொங்கியது. வாடகை எங்கள் அண்ணன் கொடுத்தார், சாவி கிராணியாரிடம் இருந்தது.

"கதவு வச்ச எடம் வந்தாச்சே. அண்ணியக் கூப்பிட்டுக்கலாமே" என்றேன்.

"இந்தத் தாழ்ப்பாள் இருக்கறவரைக்கும் கூப்பிட மாட்டேம்மா. எனக்குப் பழகிப்போச்சு. அவளுக்குப் பழகக் கூடாது."

அன்று நான் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். புகை என்று எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் புகை என்றார்.

பூட்டுகிறவருக்கு என்ன வரும் என்று கிராணியார் யோசித்திருக்கவில்லை. எங்கள் கடையில் அடுப்புப் பற்றவைப்பது கோழி கூவும் முன்னால். தெருக்குழாயில் கூட்டம் சேர்வதற்குள் தண்ணீர் வந்தாக வேண்டும். அப்படியானால் அண்ணன் அதற்கு முன்னால் எழ வேண்டும். அண்ணன் எழுந்து என்ன செய்ய? கிராணியார் அல்லவா எழுந்து திறக்க வேண்டும்! எட்டு மணிக்கு மேல் எழுந்து பழகிய மனிதர், கண்ணை மூடியபடியே சாவியைத் துவாரத்தில் தேடிக்கொண்டு நிற்பார். மாலையில் நண்பர்களோடு எங்கும் உட்கார முடியாது. வந்து பூட்ட வேண்டும். சனிக்கிழமையானால் கிள்ளானில் உள்ள ஊர்க்காரர்கள் வீட்டுக்குப் போய்ப் பாட்டுக் கேட்டு, இரவு தங்கி, ஞாயிறு மெதுவாக ரயிலேறி வருவது அவர் வழக்கம். அதுவும் நின்றுபோயிற்று. கடையில் சாப்பிடுகிறவர்கள் அவரை "வார்டர் ஐயா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஒருநாள் என்னிடம் மெதுவாக வந்தார். "தங்கச்சி, சாவியை நீங்கள் வச்சிருக்கலாம்தானே? விடியமுன்னமே நீங்கள் எழும்புறியள்தானே."

"அதெப்படி ஐயா? நீங்க போட்ட பூட்டு. நீங்கதான் திறக்கணும்" என்றேன். எனக்கு அதில் கிடைத்த சந்தோஷத்தை மறைக்கவும் இல்லை.

இப்படியே மழைக்காலம் வந்தது. ஒருநாள் விடியலில் நல்ல மழை. அடுப்பு எரிகிறது, தண்ணீர் இல்லை. மாடியில் சத்தமும் இல்லை. சங்கு ஊதப்போகிற நேரம் நெருங்கிவிட்டது. நான் விளக்கை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். கிராணியார் அறையிலிருந்து குறட்டை கேட்டது. கதவை நான் தட்டிய தட்டில் பதறி எழுந்து, வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். சாவி கீழே விழுந்தது, எடுத்தார், திறந்தார்.

கதவுக்கு உட்பக்கம் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். குளிர் தாங்கத் துண்டைத் தலையில் கட்டியிருந்தார். பாய் சுருட்டி மூலையில் நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டு கைகளும் தொடையோடு ஒட்டியிருந்தன. எப்போது எழுந்தாரோ அப்போதிலிருந்து அப்படியேதான் நின்றிருக்கிறார்.

"ஏன் அண்ணே, ஒரு குரல் குடுக்கக் கூடாதா? ரெண்டு தட்டுத் தட்டக் கூடாதா?"

"உள்ளேருந்து தட்டக் கூடாதும்மா" என்றார். எங்கே கற்றுக்கொண்டாரோ அந்த இடத்துச் சட்டம் அது. பிறகு கிராணியாரைப் பார்த்து, "ஐயா அசந்து தூங்குனீங்க. எழுப்ப மனசு வரல" என்று சொல்லிவிட்டு, வாளியை எடுக்கக் கீழே இறங்கினார்.

கிராணியார் திறந்த கதவுக்கு முன்னால் நின்றார். அந்த மனிதரின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. பூட்டு ஒரு கையில், சாவி ஒரு கையில். அவரைக் கிண்டல் செய்ய எனக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஆனால் நான் விளக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன்.

அன்று அவர் ஆபீசுக்குப் போகவில்லை. பட்டறையில் வேலை செய்யும் வாடிக்கைக்காரர் ஒருவரிடம் திருப்புளியும் சுத்தியலும் கேட்டு வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனார். பேனா பிடித்த கை அது. ஆணி கழற்றத் தெரியாது. மத்தியானம்வரை மேலே டொக்கு டொக்கென்று சத்தம். தச்சரைக் கூப்பிடட்டுமா என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கு, "வேண்டாம், நான்தான் செய்ய வேணும்" என்று பதில் வந்தது. நான் போய்ப் பார்த்தேன். வெளிப்பக்கம் இருந்த தாழ்ப்பாளைக் கழற்றி, கதவின் உட்பக்கத்தில் அடித்திருந்தார். கோணலாகத்தான் இருந்தது. கொஞ்சம் தூக்கித் தள்ளினால்தான் நகரும். நகரும்போது கிரீச்சென்று ஊரைக் கூட்டும். விரலில் ரத்தம் கட்டியிருந்தது அவருக்கு.

"தங்கச்சி, அவரின்ட பெண்சாதியைக் கூப்பிடச் சொல்லுங்கோ" என்றார்.

அந்த அம்மாள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். சொன்னபடியே பூச்சோங் அண்ணன்காரர் கூட வந்து விட்டுவிட்டு, கடையில் ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார். ஒல்லியான உடம்பு, கையில் ஒரு துணி மூட்டை. பால் காய்ச்ச நான் புதுச்சட்டி எடுத்து வைத்திருந்தேன். எல்லோரும் மாடி ஏறினோம். கதவைச் சாத்தி வைத்திருந்தோம். மஞ்சள் குங்குமம் வைத்துத்தானே திறக்க வேண்டும். அந்த அம்மாள் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு குனிந்தபோது, கதவில் ஆணி இருந்த ஓட்டைகளைப் பார்த்துவிட்டார்.

"இது என்னங்க ஓட்டை?"

கிராணியார் தரையைப் பார்த்தார். அண்ணன் சாதாரணமாகச் சொன்னார்: "முன்ன ஒரு தாழ்ப்பாள் இருந்த எடம். மாத்தியாச்சு."

அந்த அம்மாள் ஓட்டை ஒவ்வொன்றிலும் மஞ்சளை அழுத்தி நிரப்பினார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். வேண்டுமென்றே அலங்கரித்தது போல் அந்த இடம் அழகாகிவிட்டது.

பிறகு யாரும் அசையவில்லை. அண்ணன் வழக்கம்போல் கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். கைகள் தொடையோடு. அந்த அம்மாள், தன் வீட்டுக்காரர் திறப்பார் என்று காத்திருந்தார். அண்ணன், யாராவது திறப்பார்கள் என்று காத்திருந்தார். கிராணியாரின் கை பழக்கதோஷத்தில் முன்னால் நீண்டது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். இன்னொரு வீட்டு ஆண்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்ற நினைவே எனக்கு இல்லை; எங்கள் வீட்டுக்காரருக்கும் இல்லை. கீழே பால் பொங்கி அடுப்பில் வழியும் வாசனை வந்தது. ஒருவரும் போகவில்லை.

அண்ணன் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். அந்தக் கை மெதுவாகத் தொடையை விட்டு எழுந்தது. மஞ்சள் ஈரத்தின்மேல் உள்ளங்கை படிந்தது. தள்ளினார்.

ஒரு கதவு திறப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் கப்பலில் கடல் தாண்டி வந்தவள். பினாங்கு மலையைக் கடலிலிருந்து பார்த்தவள். பெரிய வெள்ளத்தில் வீட்டுக் கூரைகள் மிதந்து போனதைப் பார்த்தவள். அன்றைக்கு அந்தப் பலகைக் கதவு திறந்ததைப் பார்த்து நின்றதுபோல் எதையும் பார்த்து நின்றதில்லை.

இருவரும் வலது காலை வைத்து உள்ளே போனார்கள். மிச்சமிருந்த பாலைக் கொடுத்துவிட்டு, நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். படியிறங்கும்போது பின்னால் கிரீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடும் சத்தம். கிராணியார் படியிலேயே நின்றுவிட்டார். தன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் விடியலில் நான் எழுந்து அடுப்படிக்கு வந்தேன். மாடிக் கதவு திறக்கவில்லை. இன்றைக்காவது அந்த மனிதர் தூங்கட்டும் என்று வாளியைத் தேடினேன். வாளியைக் காணோம். பின்கதவின் செங்கல்லைத் தாண்டி, சந்தில் யாரோ தண்ணீர் தளும்பத் தளும்ப வருவது தெரிந்தது. வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் வாளியோடு அரசாங்கத்துக் கிராணியார் வந்துகொண்டிருந்தார்.

"நித்திரை முறிஞ்சு போச்சு தங்கச்சி. இந்த நேரத்துக்கு எழும்பிப் பழகிப்போச்சு" என்றார், மூச்சு வாங்க.

எங்கள் வீட்டுக்காரர் பதறிப்போய், மாடிக்குப் போய்க் கதவைத் தட்டப் புறப்பட்டார். கிராணியார் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரை மறித்தார்.

"விடுங்கோ. அவரே திறக்கட்டும்."

நாங்கள் மூன்று பேரும் இட்லித் தட்டில் மாவை ஊற்றிக்கொண்டே மேலே காது கொடுத்திருந்தோம். சங்கு ஊதியது, ரயில்வே ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள், வெயில் சந்துக்குள் இறங்கியது. அதற்குப் பிறகுதான் மேலே கிரீச்சென்றது.